நாலு மணித்தியாலக் கூட்டம், தண்ணிக்கு ஆறு நிமிசம்

கிணத்தடி (வலிகாமம், யாழ்ப்பாணம்), வியாழன் இரவு 8:40

இண்டைக்குக் காலமை ஒழுங்கை முகப்பில தண்ணி வண்டிக்கு, பவுசருக்கு, வாளியள் அடுக்கிப்போட்டு நிண்டனான். ஏழு மணிக்கு வரும் எண்டது ஒன்பதரைக்குத்தான் வந்தது. நிண்ட நேரத்தில, போன கிழமை எங்கட எம்பிமார் இருந்த ஒரு கூட்டத்தின்ர வீடியோவை ஃபோனில பாக்கத் தொடங்கினன். மிச்சத்தை மத்தியானம் குசினிக்குள்ள இருந்து பாத்து முடிச்சன். எந்தக் கூட்டம், ஆர் ஆர் இருந்தவை எண்டு எழுதமாட்டன். பேரை எழுதினால் இந்த இழை கட்சிச் சண்டையாப் போயிடும்.

கூட்டம் கிட்டத்தட்ட நாலு மணித்தியாலம். முதல் முக்கால் மணித்தியாலம் அழைப்புக் கடிதத்தில ஆற்ற பேர் மேல வந்தது, ஆருக்கு அறிவிக்கேல்லை எண்ட கதை. பிறகு ஒருத்தர் மற்றவரை "நீர்" எண்டிட்டார். அவர் எழும்பி "என்னை நீர் எண்டு சொல்ல உமக்கு என்ன உரிமை" எண்டு கேக்க, இவரும் எழும்ப, ஃபோன் வைச்சிருந்த எல்லாரும் கதிரையை விட்டு முன்னுக்கு ஓடிவந்து படம் எடுத்தவை. அதுக்கு அரை மணித்தியாலம்.

பின்வரிசையில ஒரு உத்தியோகத்தர் மடியில பைலோட இருந்தவர். எந்தப் பக்கத்தைத் திறக்கோணும் எண்டு மஞ்சள் தாள் ஒட்டி அடையாளம் பண்ணி வைச்சிருந்தார். சண்டை நடக்கிற நேரம் முழுக்க அந்தத் தாளைத் தடவிக்கொண்டே இருந்தார். அவர் சொல்ல வந்தது நிலத்தடி நீர். அவருக்குக் கிடைச்சது ஆறு நிமிசம், அதிலயும் ரெண்டு தரம் இடைமறிச்சவை. "அடுத்த கூட்டத்தில விபரமாப் பாப்பம்" எண்டு முடிச்சாச்சு. எனக்கு அந்த இடத்தில அழுகை வந்திட்டுது. ஆத்திரத்தில வந்த அழுகை.

எங்கட கிணறு அப்பா 1978ல வெட்டுவிச்சது. சுண்ணாம்புக்கல்லு, வெடி வைச்சுத்தான் உடைச்சது. 24 அடி. அம்மம்மா அந்தத் தண்ணியைத்தான் கடைசி மட்டும் குடிச்சவ. 2015 தைமாசம் அள்ளின வாளியில மேல மயில்கழுத்து நிறத்தில ஒரு படை. கையை விட்டால் வழுக்கினது. தேத்தண்ணி போட்டால் மண்ணெண்ணெய் மணம். சுன்னாகத்தில மின் உற்பத்தியில வந்த கழிவெண்ணெய் நிலத்துக்குள்ள இறங்கின கதை இஞ்ச எல்லாருக்கும் தெரியும். 2019 சித்திரையில உயர் நீதிமன்றம் கிணத்துக்காரருக்கு 2 கோடி ரூபாய் இழப்பீடு குடுக்கச் சொல்லித் தீர்ப்புச் சொன்னது. அந்த வழக்கைப் போட்டது நாங்கள் தெரிஞ்சு அனுப்பின ஆக்கள் இல்லை. ஒரு சிங்களச் சுற்றாடல் ஆர்வலர். இதை நினைக்க எனக்கு இண்டைக்கும் வெக்கமாக் கிடக்கு.

இப்ப எண்ணெய் கண்ணுக்குத் தெரியேல்லை. ஆனா போன வருசம் மகளுக்குப் பிள்ளை பிறந்த நேரம், கிணத்துத் தண்ணியில பால்மா கரைக்க வேண்டாம் எண்டு மருத்துவமாது சொல்லிப்போட்டா. தண்ணியைச் சோதிக்கக் குடுத்தம். நைத்திரேற்று லீற்றருக்கு 50 மில்லிகிராமுக்கு மேல போகக்கூடாது, எங்கடது அதைத் தாண்டிப்போச்சுது. கொதிக்க வைச்சாலும் அது போகாது, தண்ணி வத்த வத்த இன்னும் கூடும். கிணறு முத்தத்தில, நான் தண்ணிப் போத்தலுக்குக் காசு எண்ணுறன்.

நான் கேக்கிறது ஒண்டுதான். நீர், நீங்கள் எண்டதுக்கு அரை மணித்தியாலம் ஒதுக்க ஏலுமெண்டால் நீருக்கு ஏன் ஒதுக்க ஏலாமல் போச்சுது?

திண்ணைவேலிப் பொடியன், வியாழன் இரவு 9:15

அன்ரி, அந்த "நீர்" துண்டு எங்கட கம்பஸ் வாட்சப் குறூப்பில மட்டும் பதினொரு பேர் போட்டவை. நானும் ஒராளுக்கு அனுப்பினனான். தண்ணிப் பகுதியை ஒருத்தரும் வெட்டிப் போடேல்லை. அப்படி ஒரு பகுதி இருந்ததே எனக்கு நீங்கள் எழுதித்தான் தெரியும்.

எனக்குத் தெரிஞ்ச ஒரு பொடியன் யூரியூப் சனல் நடத்துறான். கூட்டத்துக்குப் போனால் முதல் ஒரு மணித்தியாலம்தான் நிப்பானாம். சண்டை பிடிபட்டதும் வெளிக்கிட்டு வந்து ஏத்திப்போடுவான். அரசியல்வாதிக்கும் அது தெரியும். கமரா நிக்கிற நேரத்துக்குள்ளதான் அவையும் சத்தம் போடுகினம். கமரா போன பிறகுதான் அந்த மஞ்சள் தாள் ஐயாவைக் கூப்பிடுகினம்.

பருத்தித்துறைக் கரை, வியாழன் இரவு 10:02

தங்கச்சி, உங்கட கிணறு மாதிரித்தான் எங்கட கடலும்.

திங்கள், புதன், சனி. இந்த மூண்டு நாளும் அக்கரை இந்திய றோலர் (இழுவைப்படகு) வாற நாள் எண்டு எங்கட சின்னப் பிள்ளையளுக்கும் தெரியும். அண்டைக்கு நாங்கள் வலை விடுறேல்லை. விட்டால் காலமை மிதப்புக்கட்டையும் அறுந்த கயிறும்தான் மிஞ்சும். கிழமையில மூண்டு நாள் கடலுக்குப் போகாதவன் எப்பிடிக் கடனைக் கட்டுறது? எனக்கு ரெண்டு தரம் வலை போச்சுது. ரெண்டாந்தரம் மனிசியின்ர சங்கிலி அடைவுக்குப் போனது, இன்னும் மீக்கேல்லை. சித்திரை 15ல இருந்து 61 நாள் அங்கால தடைக்காலம். அந்த ரெண்டு மாசம்தான் நாங்கள் பயமில்லாமல் வலை விடுறது.

உதுகளைப் பற்றிக் கதைக்க எங்களையும் ஒருக்கால் கூப்பிட்டவை. பத்து மணிக்கு எண்டு போய் ஒரு மணி மட்டும் வெளியில வாங்கில இருந்தம். உள்ளுக்கு ஆற்ற ஆக்களுக்கு வீதி போட்டது எண்டு பிரச்சினை. எங்களைக் கூப்பிட்டு "மகஜரைத் தாங்கோ, பாப்பம்" எண்டிச்சினம். எங்கட சங்கத்தில மகஜர் எழுதுற கொப்பியே ரெண்டு முடிஞ்சுது.

ஈஸ்ற்ஹாம், வெள்ளி அதிகாலை 2:30

நான் இருபது வருசமா லண்டன். எல்லாத்தையும் வாசிச்சன், மனசு கனத்துப்போச்சு. ஆனா ஒரு விசயத்தில மாறுபடுறன், கோவிக்காதேங்கோ.

பேர், மரியாதை எண்டு வாற சண்டையை எல்லாம் "அற்ப விசயம்" எண்டு நாங்கள் லேசாச் சொல்லிப்போடக்கூடாது. 2025 தை மாசம் யாழ்ப்பாணக் கலாசார மத்திய நிலையத்துக்குத் திருவள்ளுவர் கலாசார மையம் எண்டு பேர் வைச்சவை. வள்ளுவரில ஆருக்கும் கோவம் இல்லை. ஆனா பேரில யாழ்ப்பாணம் இல்லாமல் போச்சுது. ஆக்கள் எதிர்த்த பிறகுதான் யாழ்ப்பாணத்தைத் திரும்பச் சேர்த்தவை. அண்டைக்கும் சிலபேர் "பேரில என்ன கிடக்கு, சோத்துப் பிரச்சினையைப் பாருங்கோ" எண்டு எழுதினவை. நூலகம் எரிஞ்ச ஊர் எங்கட ஊர். பேரும் கல்வெட்டும் எங்களுக்குச் சோறு மாதிரித்தான். அதுக்காக எம்பிமார் கதைச்சதை நான் குறை சொல்லமாட்டன்.

கிணத்தடி, வெள்ளி காலை 6:05

அண்ணா, நீங்கள் சொல்லுறது சரி. பேர் மாறின அண்டைக்கு எனக்கும் நெஞ்சுக்குள்ள ஏதோ செய்தது. அது அற்பம் இல்லை.

ஆனா அது முடிஞ்ச விதத்தைப் பாருங்கோ. எல்லாரும் ஒரே கேள்வியைக் கேட்டவை, விடாமல் கேட்டவை, கொஞ்ச நாளில யாழ்ப்பாணம் எண்ட சொல் திரும்பி வந்தது. தண்ணிக்கு அந்த மாதிரி ஒரு தொடர்ச்சி ஒரு நாளும் நடக்கேல்லை. 2015ல வந்து கிணத்தை எட்டிப் பாத்து, போத்தலில தண்ணி அள்ளிக்கொண்டு போய் மேடையில காட்டினவை கனபேர். அந்தப் போத்தலுக்கு என்ன நடந்தது எண்டு இண்டைக்கும் ஒருத்தரும் வந்து சொல்லேல்லை. எனக்கு நோகிறது அதுதான்.

கச்சேரி ஓய்வூதியர், வெள்ளி காலை 10:20

முப்பத்திரண்டு வருடம் நிர்வாக சேவையோடு இருந்தவன். கூட்டக் குறிப்பு எழுதிய கை இது. அதனால் கொஞ்சம் நீட்டமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

தங்கச்சி பார்த்த மாதிரியான கூட்டம் ஒருங்கிணைக்கிற கூட்டம். அங்கே சட்டம் இயற்ற முடியாது, பெரிய நிதி ஒதுக்கவும் முடியாது. அதிகாரிகளிடம் கேள்வி கேட்டு, பதிலைக் குறிப்பில் ஏற்றி, அடுத்த முறை "போன முறை சொன்னது என்னவாயிற்று" என்று கேட்கலாம். அதன் பலம் முழுவதும் அந்தக் கடைசிக் கேள்வியில்தான். நான் குறிப்பு எழுதிய காலத்தில் சென்ற கூட்டக் குறிப்பை ஒழுங்காக வாசித்துவிட்டு வந்த உறுப்பினர்களை ஒரு கையில் எண்ணலாம். வாசித்து வந்தவரிடம் அதிகாரிகள் நடுங்குவார்கள். சத்தம் போடுகிறவரிடம் நடுங்கமாட்டார்கள். சத்தம் மத்தியானச் சாப்பாட்டோடு அடங்கிவிடும் என்று எங்களுக்குத் தெரியும்.

அடுத்தது இதைவிடப் பெரிய விடயம். விவசாயம், உள்ளூராட்சி, சிறு நீர்ப்பாசனம், கிராமத்து ஆஸ்பத்திரி எல்லாம் 1987இன் 13ஆவது அரசியலமைப்புத் திருத்தப்படி மாகாண சபை பார்க்க வேண்டியவை. வட மாகாண சபைக்கு முதல் தேர்தல் 2013 செப்ரெம்பரில் நடந்தது. 38 ஆசனம். 2018 ஒக்ரோபரில் காலம் முடிந்தது. அதற்குப் பிறகு தேர்தலே இல்லை. ஏன்? 2017இல் தேர்தல் முறையை மாற்றினார்கள். அதற்கான தொகுதி எல்லை நிர்ணய அறிக்கை 2018 ஓகஸ்ட் 24ஆம் திகதி நாடாளுமன்றத்தில் வாக்கெடுப்புக்கு வந்தது. எதிராக 139. ஆதரவாக ஒரு வாக்குக்கூட விழவில்லை. கொண்டுவந்த அரசாங்கப் பக்கத்திலிருந்தும் விழவில்லை. புது முறைக்கு எல்லை இல்லை, பழைய முறைக்குச் சட்டம் இல்லை. அந்த நடுவழியில் சபை நிற்கிறது. ஒரு சிறிய திருத்தத்தோடு பழைய முறையில் தேர்தல் வைக்கலாம். அதற்குக் கிடைக்காத நாடாளுமன்ற நேரம் எதற்கெல்லாம் போனது? 2018 நவம்பரில் அந்த நாடாளுமன்றத்துக்குள் மிளகாய்த்தூள் வீசினார்கள், கதிரை எறிந்தார்கள். நாடே தொலைக்காட்சியில் பார்த்தது.

யாழ் மாவட்டத்துக்கு 2010இல் ஒன்பது ஆசனம். 2015இல் ஏழு. 2024இல் ஆறு. சனம் குறையக் குறைய எங்களுக்காகக் கதைக்கிற வாயும் குறைகிறது. மாகாண சபையில் 38 பேர் சுமக்க வேண்டியதில் பாதி இந்த ஆறு பேரின் தலையில் வந்து நிற்கிறது. அப்படியானால் ஒவ்வொரு நிமிடத்தையும் அவர்கள் எவ்வளவு கவனமாகச் செலவழிக்க வேண்டும்!

எல்லாம் ஒண்டு, வெள்ளி மதியம் 12:48

சும்மா நேரத்தை வீணாக்காதேங்கோ. எவன் வந்தாலும் உதுதான். வோட்டுப் போடாமல் விடுறதுதான் ஒரே வழி.

பருத்தித்துறைக் கரை, வெள்ளி பின்னேரம் 4:30

தம்பி, உப்பிடிச் சொல்லாதை. கடல்காரன் எனக்கே உப்பிடிச் சொல்ல மனம் வரேல்லை.

2017 ஆடியில இழுவைமடித் தொழிலையே இந்த நாட்டில தடைசெய்து சட்டம் வந்தது. அதை முதல்ல தனிநபர் சட்டமூலமாக் கொண்டுவந்தது அப்ப எம்பியா இருந்த சுமந்திரன். அவற்ற அரசியல் எங்கட கரையில கனபேருக்குப் பிடியாது, எனக்கும் எல்லாத்திலயும் ஒத்துவராது. ஆனா அந்த ஒரு விசயத்தில ஒரு எதிர்க்கட்சி எம்பி கடதாசியில எழுதிக் கொண்டுபோய் சட்டமாக்கிப்போட்டுத்தான் வந்தவர். ஏலும் எண்டதுக்கு அதுதான் சாட்சி. அதால எங்கட குருநகர்ப் பக்கத்து இழுவைப்படகுக்காரருக்கும் அடி விழுந்தது. அவையும் எங்கட ஆக்கள்தான், அவையின்ர வீட்டிலயும் அடுப்பு எரியோணும். அதையும் நான் மறக்கேல்லை.

பிறகு என்ன நடந்தது எண்டால், சட்டம் வந்த கையோட எல்லாரும் கை தட்டிப்போட்டு விட்டிட்டினம். எத்தினை படகு பிடிச்சியள், எத்தினை வழக்கு முடிஞ்சுது, எங்கட வலைக்கு நட்டஈடு எங்க எண்டு மாசா மாசம் கேட்டிருக்கோணும். ஐயா சொன்ன அந்தக் கடைசிக் கேள்வி. அதுக்குத்தான் ஆள் இல்லை. வோட்டுப் போடாமல் விட்டால் அதைக் கேக்கிற உரிமையும் போயிடும்.

செம்மணி வீதி, வெள்ளி இரவு 7:10

நான் வழமையா எழுதிறேல்லை. 2025ல செம்மணி சித்துப்பாத்தி மனிதப் புதைகுழியில தோண்டத் தோண்ட இருநூறுக்கு மேல எலும்புக்கூடு வந்தது. அதில ஒரு பிள்ளை நீலப் புத்தகப்பையோட. அந்த வீதியால நான் தினமும் வேலைக்குப் போறனான். தோண்டுறதுக்குக் காசு எப்ப வரும், அடுத்த கட்டம் எப்ப எண்டு தாய்மார் வெய்யிலுக்க நிண்டு கேக்கினம். என்ர அண்ணாவும் 1996ல காணாமல் போனவர். அழைப்புக் கடிதத்தில பேர் முன்னுக்கோ பின்னுக்கோ எண்டு சண்டை பிடிக்கிறதைப் பாக்கேக்க எனக்கு என்ன செய்யும் எண்டு எழுதத் தெரியேல்லை.

கிணத்தடி, வெள்ளி இரவு 7:35

அக்கா, உங்கட கையைப் பிடிச்சுக்கொண்டு இருக்கிறன் எண்டு நினையுங்கோ.

திண்ணைவேலிப் பொடியன், வெள்ளி இரவு 9:50

ஐயா, ஒரு சந்தேகம். தாளையடியில கடல்நீரைக் குடிநீராக்கிற நிலையம் 2024 ஆவணியில திறந்தாச்சு. நாளுக்கு 24,000 கனமீற்றர் எண்டு அப்ப செய்தியில வந்தது. அப்ப அன்ரிக்கு ஏன் இன்னும் பவுசர்?

கிணத்தடி, வெள்ளி இரவு 10:15

தம்பி, எங்கட ஒழுங்கையில பைப் தாட்டு மூண்டு வருசம். மண் மூடினது, பிறகு மழைக்குத் தாண்டது, திரும்ப மூடினது. தண்ணி வரேல்லை. எந்தத் திகதிக்கு வரும் எண்டு கேட்டால் ஒவ்வொருத்தரும் மற்றவரைக் காட்டுகினம். வந்தாலும் எங்கட கிணத்துப் பிரச்சினை முடியாது. பக்கத்துத் தோட்டத்தில வெங்காயத்துக்குப் போடுற யூரியா, எங்கட மலசலகூடக் குழி, அயலட்டைக் குழி எல்லாம் இந்தக் கல்லு வெடிப்பால கீழதான் போகுது. செம்மண் ரெண்டு முழம், அதுக்குக் கீழ ஓட்டைக்கல்லு. இஞ்ச வருசம் முழுக்க ஓடுற ஆறு ஒண்டும் இல்லை. மாரி மழை இறங்கித் தேங்கிற அந்தத் தண்ணிதான் எங்கட சொத்து. தோட்டக்காரரையும் நான் குற்றம் சொல்லேல்லை. எவ்வளவு உரம் காணும் எண்டு அவையின்ர வரம்பில போய் நிண்டு சொல்ல ஆக்கள் வேணும், குழியள் எங்க எப்பிடி வெட்டலாம் எண்டு ஒரு சட்டம் இறுக்கமா வேணும். உது எம்பிமார் கதைக்கவேண்டிய கதை.

கச்சேரி ஓய்வூதியர், சனி காலை 7:30

இரவு யோசித்தேன். புலம்புவதோடு நிற்க எனக்கு மனமில்லை.

2016இன் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி அந்தக் கூட்டங்களின் குறிப்பை எந்தப் பிரசையும் எழுதிக் கேட்கலாம். 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும். கடந்த மூன்று வருடக் குறிப்பையும் வாங்குவோம். நிலத்தடி நீர் எத்தனை முறை வந்தது, ஒவ்வொரு முறையும் யார் எதைச் செய்வதாகச் சொன்னார்கள் என்று ஒரு தாளில் எழுதுவோம். அந்தத் தாளோடு ஆறு பேரிடமும் போவோம், கட்சி பார்க்காமல் ஆறு பேரிடமும். நாடாளுமன்றத்தில் வாய்மூல விடைக்கான கேள்வியாக அதைக் கொடுக்கச் சொல்லுவோம். கட்சித் தலைவராக இருப்பவர் நிலையியற் கட்டளை 27(2)இன் கீழ் எழுப்பலாம். அமைச்சர் சபையில் சொல்கிற பதில் நாடாளுமன்றப் பதிவான ஹன்சாட்டில் ஏறும். ஏறினால் அதைப் பிடித்துக்கொண்டு அடுத்ததைக் கேட்கலாம். பொதுமனுக் குழுவுக்கும் ஓர் உறுப்பினர் மூலம் மனுக் கொடுக்கலாம், அது இரண்டாவது.

கேள்வியை மட்டும் தெளிவாக எழுதுங்கள். "நடவடிக்கை எடுப்பீர்களா" என்று கேட்டால் "ஆம்" என்று சொல்லிவிட்டு இருந்துவிடுவார்கள். எண்ணிக்கை, இடம், திகதி கேளுங்கள்.

ஈஸ்ற்ஹாம், சனி காலை 11:00

நான் இப்ப இலங்கைப் பிரசை இல்லை, அதால தகவல் கேட்டு விண்ணப்பிக்க எனக்கு உரிமை இல்லை. குறிப்புகள் வந்தால் தட்டச்சுச் செய்து அட்டவணை போட்டுத் தாறன். இரவு வேலை, பகலில நேரம் இருக்கு.

கிணத்தடி, சனி மதியம் 1:20

எழுதிப் பாத்தன். திருத்துங்கோ:

"வலிகாமத்தில் கடந்த ஐந்து வருடங்களில் நைத்திரேற்றுக்காகச் சோதிக்கப்பட்ட கிணறுகள் எத்தனை? லீற்றருக்கு 50 மில்லிகிராமைத் தாண்டியவை எந்தெந்தக் கிராம சேவையாளர் பிரிவுகளில் எத்தனை? அந்த வீட்டுக்காரருக்கு முடிவு எழுத்தில் அறிவிக்கப்பட்டதா? அப்பிரிவுகளுக்குக் குழாய் நீர் வழங்கப்படும் திகதி என்ன?"

கச்சேரி ஓய்வூதியர், சனி மதியம் 2:05

நன்று. "கைக்குழந்தைகள் உள்ள வீடுகளுக்கு இடைக்கால ஏற்பாடு என்ன" என்று ஒன்றைச் சேருங்கள். அதற்கு மேல் வேண்டாம்.

பருத்தித்துறைக் கரை, சனி பின்னேரம் 5:40

இதே மாதிரி எங்களுக்கும் ஒண்டு எழுதித் தருவியளோ ஐயா? 2017க்குப் பிறகு எத்தினை படகு, எத்தினை வழக்கு, எத்தினை வலைக்கு நட்டஈடு. இண்டைக்குச் சனி, நாங்கள் கடலுக்குப் போகேல்லை. சங்கத்தில பத்துப் பேர் இருக்கிறம்.

திண்ணைவேலிப் பொடியன், சனி இரவு 8:15

அன்ரி, அந்த ஆறு நிமிசத்தை மட்டும் தனியா வெட்டி எங்கட குறூப்பில போட்டிருக்கிறன். சனல் வைச்சிருக்கிற பொடியனுக்கும் அனுப்பினன், போடுறன் எண்டவன். பின்வரிசை ஐயா கதைக்கிறது இப்பதான் வடிவாக் கேட்டது. 1:52ல அவர் ஒரு வரைபடம் காட்டுறார், சிவப்பில புள்ளியள். அதை நிப்பாட்டிப் பெருப்பிச்சுப் பாத்தன். எங்கட அம்மம்மா வீட்டுப் பக்கமும் சிவப்பாக் கிடக்கு.

கிணத்தடி, சனி இரவு 8:50

நாளைக்கே போய் அவவின்ர கிணத்தில ஒரு போத்தில் அள்ளு தம்பி. போத்திலை அதே தண்ணியால மூண்டு தரம் அலசிப்போட்டு நிரப்பு, மேல காத்து விடாதை. திங்கள் காலமை நான் சோதிக்கக் குடுக்கப் போறன், ரெண்டையும் சேத்துக் கொண்டுபோறன்.